ஒரே வகையறா, வேறு வேறு மூக்கு

காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் சாமியோடு கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூவர், வழியில் பிரிந்து ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்பது மலையாளிப் பழங்குடியினரின் பூர்வீகக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பிலும் இக்கதை இருக்கிறது. மூவரும் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்ததாக அதில் வருகிறது. சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சவ்வாது, சித்தேரி என்று கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல் பரவியிருக்கும் இந்தச் சமூகம்தான், 2011 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி. கதை எவ்வளவு நிஜம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு நோயில் பிறப்பின் பங்கு எவ்வளவு, வாழும் இடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நினைப்பவருக்கு இது அரிய வாய்ப்பு. உறவு கொண்டாடும் மக்கள் பல மலைகளில் தனித்தனியாக வாழ்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் இப்போது திருப்பூர் பனியன் கம்பெனியிலும் பெங்களூரு கட்டடவேலையிலும் இருக்கிறார்கள்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலை என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். அதன் மேற்கு எல்லையில் பெரும்பாலும் 600 முதல் 900 மீட்டர் உயரத்தில் விரிந்திருக்கும் மலை கல்வராயன். 1976 வரை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்தது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளிக் கிழங்கு அதிகம். கடுக்காய்க்குப் பேர்போன காடு. இங்கே காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்முகிறவருக்கும், கீழே கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறவருக்கும் ஒரே நோயா? அடுத்தவர் தும்மாதபோது இவர் மட்டும் ஏன் தும்முகிறார்?

மருத்துவர்கள் ஒவ்வாமை மூக்கழற்சி என்பதை ஊரில் ‘சைனஸ்’ என்பார்கள், ‘டஸ்ட் அலர்ஜி’ என்பார்கள். பெரும்பாலும் மருந்துக்கடையில் ஒரு செட்ரிசினோடு விஷயம் முடிந்துவிடும். உள்ளே நடப்பது இதுதான்: மகரந்தம், தூசிச்சிற்றுண்ணியின் கழிவு, பூஞ்சை வித்து போன்ற தீங்கற்ற ஒன்றை உடல் பகையாக எண்ணி ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்கிறது. அது மூக்கின் சவ்விலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதே பொருள் மறுபடி வந்தால் செல் ஹிஸ்டமினைக் கொட்டும். அரிப்பு, தும்மல், நீர், அடைப்பு எல்லாம் அதன் விளைவு. எல்லோரும் சுவாசிப்பது ஒரே தூசிதான். ஆனால் எல்லோரும் ஐஜிஇ செய்வதில்லை. மரபணுவின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

இது குடும்பத்தில் வரும் நோய் என்பது புதிய செய்தியல்ல. நியூயார்க்கில் குக், வாண்டர் வீர் என்ற இருவர் 1916இல் 504 நோயாளிகளின் குடும்பங்களை விசாரித்தபோது, 48 சதவீதத்தினரின் உறவில் இதே தொல்லை இருந்தது. தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் இருந்தால் பிள்ளைக்கு இன்னும் சிறு வயதிலேயே வந்தது. ஆனால் ஒரு குடும்பம் மரபணுவை மட்டுமா பகிர்கிறது? ஒரே பாய், ஒரே அடுப்பு, ஒரே கொட்டில். அதனால்தான் இரட்டையர்களைத் தேடிப் போனார்கள். ஸ்வீடனில் ஏறக்குறைய 7,000 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்து 1971இல் வெளியான முடிவில், ஒருவருக்கு மகரந்தக் காய்ச்சல் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது ஒருகரு இரட்டையரில் 21 சதவீதம், இருகரு இரட்டையரில் 14 சதவீதம். இந்த எண்களை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒருகரு இரட்டையரில் கூடுதலாக இருப்பதால் மரபுக்குப் பங்கு உண்டு. அதே மரபணுத் தொகுதியைச் சுமந்தும் ஐந்தில் நான்கு பேருக்கு வரவில்லை என்பதும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. பிந்தைய ஆய்வுகள் மரபின் பங்கைப் பாதிக்கும் மேல் என்று கணித்தன. அந்தக் கணிப்பு ஒரே மாதிரியான சூழலில் வாழும் மக்களுக்குள் உள்ள வேறுபாட்டைப் பற்றியது. ஸ்வீடனுக்கும் வெள்ளிமலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இந்த நுணுக்கத்தைத் தவறவிட்டே பத்திரிகைகள் பலமுறை ‘தும்மலுக்குக் காரணம் மரபணு’ என்று தலைப்புப் போட்டிருக்கின்றன.

மரபணுவைத் தேடிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் குக்சன் குழு 1989இல் 11ஆம் குரோமோசோமைச் சுட்டியது. பிறகு 5ஆம் குரோமோசோமில் ஐஎல்-4, ஐஎல்-13 மரபணுக்கள் இருக்கும் பகுதி, 6இல் எச்எல்ஏ மரபணுக்கள் என்று பட்டியல் நீண்டது. ஒவ்வொரு ஆய்வகமும் தனக்குப் பிடித்த மரபணுவை நூறு இருநூறு பேரிடம் சோதித்து வெளியிட்ட காலம் அது. அவற்றில் பல அடுத்த ஆய்வில் நிற்கவில்லை. முழு மரபணுத் தொகுதியையும் அலசும் முறை வந்த பின்தான் தரை கெட்டிப்பட்டது. ஆஸ்துமா, மூக்கழற்சி, தோல் அரிப்பு மூன்றையும் சேர்த்து 3,60,838 பேரிடம் பார்த்த 2017ஆம் ஆண்டு ஆய்வு 136 மரபுத் திரிபுகளைக் காட்டியது. மூன்று நோய்களுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே என்பதுதான் அதன் முக்கியமான செய்தி. மூக்கழற்சியை மட்டும் தனியாக எடுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வு 41 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது மிகச் சொற்பம். ‘அலர்ஜி மரபணு’ என்று ஒன்று கிடையாது. சவ்வின் காவலைத் தளர்த்துபவை, எச்சரிக்கை மணி அடிப்பவை, கிருமியை அடையாளம் காண்பவை, ஐஜிஇ பக்கம் தராசைச் சாய்ப்பவை எனப் பல சிறு திரிபுகள் சேர்ந்து செய்யும் வேலை இது.

இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் இரத்தத்திலிருந்து வந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். உலக மக்களில் 16 சதவீதமே உள்ள அவர்கள் இத்தகைய ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் 79 சதவீதம் என்று 2019இல் ஒரு கணக்கு வந்தது. அங்கே செய்த ஆபத்து மதிப்பெண்ணை இங்கே கொண்டுவந்து வைத்தால் அளவு பிசகும். தோலின் காவல் புரதமான ஃபிலாக்ரின் ஓர் உதாரணம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆய்வாளர்கள் 2006இல் கண்ட இரண்டு உடைந்த வடிவங்கள் ஐரோப்பியரில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவரிடம் உண்டு. ஆசிய மக்களிடம் அவை அரிது, இங்கே வேறு உடைசல்கள். சிங்கப்பூர்ச் சீனரிடம் 2011இல் மூக்கழற்சிக்காகச் செய்த முழுத்தொகுதி ஆய்வும் ஐரோப்பியப் பட்டியலை அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. எம்ஆர்பிஎல்4, பிசிஏபி என்று வேறு பெயர்களை முன்வைத்தது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு, வாய்ப்பும் உண்டு. ஹைதராபாதின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து நடத்திய 2017ஆம் ஆண்டு ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்கள் ஃபின்லாந்து மக்களையும் அஷ்கனாசி யூதர்களையும்விடக் குறுகிய மூதாதையர் வட்டத்திலிருந்து வந்தவை. ஒரு குழுவுக்குள்ளேயே கொடுத்து எடுத்து வந்தால் அரிதான ஒரு திரிபு அங்கே மட்டும் பெருகும். வைசியரில் சிலருக்கு மயக்க மருந்தோடு கொடுக்கும் ஒரு தசைத்தளர்த்தி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவது இப்படித்தான். மலையாளிகளைப் போன்ற மலைச் சமூகத்திலும் மூக்குச் சவ்வையோ ஐஜிஇயையோ பாதிக்கும் தனித் திரிபு இருக்கக்கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஜீனோம் இந்தியா திட்டம் 83 குழுக்களிலிருந்து பத்தாயிரம் பேர் வரை முழுத்தொகுதியைப் படித்திருப்பது அடித்தளம்தான்; நோயோடு அதை இணைக்கும் வேலை தனி.

மருத்துவமனையில் அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம்: “அத்தை பொண்ணைக் கட்டினதாலதான் புள்ளைக்கு இப்படியா?” நெருங்கிய உறவில் மணம் செய்தால் இருபுறமும் ஒரே அரிய பழுது சேர்ந்து வரும் நோய்களின் வாய்ப்புக் கூடும். தாலசீமியா அப்படி. மூக்கழற்சி அந்த வகையல்ல. நூற்றுக்கு மேற்பட்ட சாதாரணத் திரிபுகள் எல்லாச் சமூகங்களிலும் கலந்துகிடக்கின்றன. அத்தை பெண்மீது பழிபோட வேண்டாம்.

இனி இந்தத் திரிபுகள் ஏன் இருக்கின்றன என்ற கேள்வி. எனக்கு இந்தத் துறையிலேயே சுவையான பகுதி இதுதான். தும்ம வைப்பதற்காக இயற்கை ஐஜிஇயை வளர்த்திருக்காது. ஐஜிஇ மிகுந்து பெருகும் இடம் குடற்புழுத் தொற்று. பிரேசிலில் இரத்தப்புழு யாரை அதிகம் தாக்குகிறது என்று தேடிய குழு 1996இல் வந்து நின்ற இடம் 5ஆம் குரோமோசோமில், ஐஎல்-4, ஐஎல்-13 இருக்கும் அதே வட்டாரம். சீனாவில் ஸ்டாட்6 மரபணுவின் ஒரு திரிபு நாக்குப்பூச்சியை எதிர்க்க உதவுவதைப் பின்னர் கண்டார்கள். ஸ்டாட்6 ஒவ்வாமைப் பட்டியலிலும் இருக்கிறது. டிஎல்ஆர்1-6-10 என்ற மரபணுக் கூட்டத்தில் உள்ள சில வடிவங்கள் நியாண்டர்தால் மனிதரிடமிருந்து நமக்கு வந்தவை என்றும், அவை வயிற்றுக் கிருமியைக் குறைத்து ஒவ்வாமையைக் கூட்டுகின்றன என்றும் 2016இல் ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆபத்துத் திரிபு என்று நாம் பெயர் வைத்திருப்பவை ஒரு காலத்தில் பிள்ளைகளைப் பிழைக்க வைத்தவை. எதிரி போன பிறகும் படை கலையவில்லை.

வெள்ளிமலையின் விஷயத்தில் எதிரி இன்னும் போகவே இல்லை என்று கருதக் காரணம் உண்டு. பக்கத்துச் சவ்வாது மலையில், இதே மலையாளிகள் வாழும் ஊர்களில், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக் குழு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் இருவருக்குக் குடற்புழு இருந்தது, பெரும்பாலும் கொக்கிப்புழு. நீண்ட நாள் தங்கும் புழு உடலின் எதிர்ப்பைத் தணித்துவைக்கும் கலையையும் அறிந்தது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் புழுத் தொற்றுள்ள பிள்ளைகளுக்குத் தூசிச்சிற்றுண்ணித் தோல் சோதனை குறைவாகவே காட்டியது. மருந்து கொடுத்துப் புழுவை நீக்கியபோது அந்த எண் கூடியது. அப்படியென்றால் மலையில் ஒருவருக்கு இரத்தத்தில் ஐஜிஇ மலைபோல் இருந்தும் மூக்கு அமைதியாக இருக்கலாம். சென்னையில் இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்து ‘அலர்ஜி அதிகம்’ என்று சொல்லும் பழக்கத்தை மலைக்கு ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். இதைக் கேட்டு யாரும் புழுவைக் காப்பாற்றக் கிளம்பிவிட வேண்டாம். கொக்கிப்புழு குடித்து வற்றவைப்பது கர்ப்பிணிகளின் இரத்தத்தை. டென்மார்க்கில் மூக்கழற்சி நோயாளிகள் நூறு பேரை வைத்து, ஒரு பாதிக்குப் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டையை விழுங்கக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வந்த முடிவு, பயனில்லை.

சூழல் மாறினால் அதே மரபணு எப்படி வேறு விதமாகப் பேசும் என்பதற்குப் புழுவைவிடத் தெளிவான சான்று ஜப்பானில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மொட்டையான மலைகளில் அரசு சுகி என்ற ஊசியிலை மரத்தை மளமளவென்று நட்டது. இந்த மகரந்தத்தால் வரும் நோயை மருத்துவ இதழில் பதிவு செய்தது 1964இல்தான். கன்றுகள் முதிர்ந்து பூக்கத் தொடங்க, 1998இல் நாட்டில் 16 சதவீதம், 2008இல் 26 சதவீதம், 2019இல் 38 சதவீதத்துக்கும் மேல். இருபது ஆண்டுகளில் ஜப்பானியரின் மரபணு மாறிவிடவில்லை. அந்த மக்களில் பரவலாக உள்ள எச்எல்ஏ-டிபி5 என்ற வடிவம் சுகி நோயோடு தொடர்புடையது என்று ஆய்வுகள் சொன்னது உண்மைதான். ஆனால் சுகிக் காடு எழும்வரை அது ஒரு தீங்கும் செய்யாமல் இருந்தது.

நமக்கு நெருக்கமான சுகி எது? என் பதில், பார்த்தீனியம். 1950களில் புனே பக்கம் முதலில் கவனத்துக்கு வந்த இந்த அமெரிக்கக் களை இன்று சாலையோரம், தரிசு, பள்ளி மைதானம் எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை தருகிறது. தோல் அரிப்புக்குத்தான் அது பேர்போனது என்றாலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி. வி. சுப்பாராவ் குழு அதன் மகரந்தம் மூக்கழற்சியும் தருவதை நிலைநாட்டியது. அதோடு நிற்காமல், யாருக்கு வருகிறது என்று எச்எல்ஏ வகைகளைச் சோதித்து 1990இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மூக்கழற்சிக்கும் மரபுக்கும் உள்ள தொடர்பைத் தென்னிந்திய மண்ணில், இங்கே பரவிய களையை வைத்துப் பார்த்த முன்னோடி முயற்சி அது. இன்றைய அளவுகோலில் சிறியது, ஆனால் கேட்ட கேள்வி சரியானது. இதற்கு முன்னுதாரணம் அமெரிக்காவில் டேவிட் மார்ஷ் செய்தது. பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ராக்வீட் களையின் மகரந்தத்தில் உள்ள மிகச் சிறிய ஒரு புரதத்துக்கு எதிர்வினை காட்டியவர்கள் கிட்டத்தட்ட அனைவரிடமும் எச்எல்ஏ-டிடபிள்யூ2 இருந்ததை 1982இல் காட்டினார். எச்எல்ஏ என்பது அந்நியப் புரதத்தின் துண்டைப் பிடித்துக் காட்டும் கை. கையின் வடிவத்தைப் பொறுத்து எந்தத் துண்டு பிடிபடும் என்பது மாறும். ஒவ்வாமை வருமா என்பதைவிட, எதனால் வரும் என்பதில் எச்எல்ஏவின் சொல் வலுவானது. வெள்ளிமலைக்குத் தார்ச்சாலை போட்டபோது ஜல்லியோடும் மண்ணோடும் லாரிச் சக்கரத்தோடும் என்னென்ன விதைகள் ஏறின என்று பட்டியலிடுவது மரபணு ஆய்வின் முதல் பக்கமாக இருக்க வேண்டும் என்பேன்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகையின் நஞ்சை முறிக்கும் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு சிலரிடம் முழுதாகவே இருக்காது. ஐரோப்பியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இல்லை; புதுச்சேரி ஜிப்மரின் ஆதித்தன் குழு 2004இல் தென்மாநில மக்களிடம் பார்த்தபோது இல்லாதவர் விகிதம் அதைவிடக் குறைவாக இருந்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் செய்த சோதனையில், இந்த மரபணு இல்லாதவர்களின் மூக்கில் ராக்வீட் மகரந்தத்தோடு டீசல் புகைத்துகளையும் சேர்த்து விட்டபோது ஐஜிஇ மற்றவர்களைவிட வெகுவாக எகிறியது. மலையில் புகை டீசலிலிருந்து அல்ல, விறகிலிருந்து வருகிறது. அதை விழுங்குவது அடுப்படியில் நிற்கும் பெண்கள். ஆண், பெண் என்று பிரிக்காமல் மலையில் மூக்கழற்சியை எண்ணும் கணக்கு பாதிக் கணக்குதான்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு வேளாண் சமூகங்களும் ஐரோப்பாவிலிருந்து போனவை. மரபில் மிக நெருங்கியவை. இரண்டும் பெரிய குடும்பம், தொலைக்காட்சி இல்லாத வீடு. ஆமிஷ் மக்கள் குதிரையும் மாடுமாக, கொட்டிலை ஒட்டிய வீட்டில் வாழ்கிறார்கள். ஹட்டரைட்டுகள் இயந்திரப் பண்ணை நடத்துகிறார்கள். பிள்ளைகள் தொழுவத்துப் பக்கம் போவதில்லை. 2016இல் வந்த முடிவின்படி ஒவ்வாமை ஏற்புநிலை ஆமிஷ் பிள்ளைகளில் 7 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 33 சதவீதம். ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரிய நச்சுப்பொருள் ஏழு மடங்கு. ஆய்வில் இருந்தவர்கள் இரு பக்கமும் முப்பது முப்பது பிள்ளைகள்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும், ஆனாலும் இடைவெளி பெரிது. சாணம் மெழுகிய தரை போய்த் தொகுப்பு வீட்டுச் சிமெண்டுத் தரை வந்திருக்கும் கல்வராயன் ஊர்களில், ஒரே வகையறாவின் இரண்டு வீடுகளுக்குள்ளேயே ஆமிஷும் ஹட்டரைட்டும் இருக்கலாம். உயரம் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். காற்று வறண்ட ஐரோப்பிய உயர்மலைகளில் தூசிச்சிற்றுண்ணி பிழைக்காது என்பது சரி. மழையும் பனிமூட்டமும் உள்ள 900 மீட்டர் அதற்கு ஒரு தடையே அல்ல. கம்பளியும் பஞ்சு மெத்தையும் வந்த இடத்தில் அதுவும் வந்து சேரும்.

ஆகவே வெள்ளிமலையில் ஓர் ஆய்வு நடந்தால் அதன் வடிவம் என்னவாக இருக்க வேண்டும்? இரத்தத்தை எடுத்துத் தொகுதியைப் படித்துவிட்டு ஐரோப்பியப் பட்டியலோடு ஒத்துப்பார்ப்பது சுலபம், பயன் குறைவு. உடன்பிறந்தவர்களில் ஒருவர் மலையிலும் ஒருவர் திருப்பூரிலும் இருக்கும் குடும்பங்களைத் தேட வேண்டும். இருவருக்கும் தோல் குத்துச் சோதனை, மலச் சோதனை, வீட்டுத் தூசி, அடுப்பு, மாடு ஆடு கணக்கு. அதன் பிறகு மரபணு. குத்துச் சோதனையில் பார்த்தீனியமும் சிற்றுண்ணியும் கரப்பானும் இருக்க வேண்டும். ஐரோப்பியப் புல்லும் பிர்ச் மரமும் உள்ள பெட்டியை வாங்கிவந்து வைத்துக்கொண்டு ‘மலையில் ஒவ்வாமை இல்லை’ என்று எழுதக் கூடாது. 2022இல் கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, இதைச் செய்யச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதும் இல்லை.

ஒரு நிபந்தனை. அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடியினர் நீரிழிவுக்காகக் கொடுத்த இரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமல் வேறு ஆய்வுகளுக்கும், அவர்களின் பூர்வீகக் கதையையே மறுக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்திய பல்கலைக்கழகம், வழக்குக்குப் பின் 2010இல் இழப்பீடு கொடுத்து மாதிரிகளைத் திருப்பித் தந்தது. காஞ்சிபுரத்து அண்ணன் தம்பி கதை உள்ள மக்களிடம் சளிக்காக எடுத்த இரத்தம், அவர்கள் யார் என்று தீர்ப்பு எழுதவோ, சாதிச் சான்றிதழ் வழக்கில் சாட்சியாகவோ போய்விடக் கூடாது. ஊர்க்கூட்டத்தில், தமிழில், எதற்கு எடுக்கிறோம் எதற்கு எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

ஆய்வு வரும்வரை மருத்துவருக்குக் கையிருப்பு இல்லாமலில்லை. “அப்பாவுக்கு இளைப்பு உண்டா, அம்மாவுக்குக் காலையில தும்மல் வருமா?” என்ற கேள்வி, 1916இல் போலவே, இன்று சந்தையில் விற்கும் எந்த மரபணுச் சோதனையையும்விடப் பயனுள்ளது, காசும் இல்லை. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தும், தூக்கம் வரவழைக்காத ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையும் 41 இடங்களில் எது எப்படி இருந்தாலும் பெரும்பாலோருக்கு வேலை செய்கின்றன. மூக்குத்தெளிப்பானை ஒரு நாள் அடித்துவிட்டுப் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். அது ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்தால்தான் முழுதாகப் பிடிக்கும்.